குழந்தை: முப்பத்தைந்து கிலோ

ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து பெர்த்
எண்ணாயிரத்து முந்நூறு கிலோமீட்டர்,
சொச்சம் உண்டு.
போக ஒன்பதரை மணி நேரம்.
திரும்பி வரப் பதினொன்று.

ஒரே தூரம்தானே, என்றாள் தெஷ்னி,
லெனேசியா வீட்டில், போர்வைக்குள்ளிருந்து,
பற்பசை வாசத்தோடு.
காற்று, என்றேன்.
அந்தக் கடலுக்கு மேலே அநேகமாய் எந்நாளும்
மேற்கிலிருந்து கிழக்கே அடிக்கும்.
போகிறவர்களைப் பிடித்துத் தள்ளும்,
வருகிறவர்களை மறிக்கும்.
"அப்போ காத்து அம்மா கட்சி."

எனக்கு எடைக் கணக்கு வேலை.
விமானத்துக்கு ஒரு தாள்.
பெட்டி, சரக்கு, எரிபொருள், ஆட்கள்,
எது எங்கே உட்கார்ந்தால்
மூக்கு நிமிரும், வால் இடிக்காது.
உயரத்தில் இருக்கிற ஊர் இது, காற்று மெலிசு;
ஜனவரி மாலைகளில் இன்னும் மெலிசு.
எத்தனை நீள ஓடுபாதை இருந்தும்
சில நாள் சுரங்க இயந்திர உதிரிகள் நாலு டன்னை
இங்கேயே இறக்கிவைத்துவிட்டு அனுப்புவேன்.
ஆட்களை இறக்கியதில்லை.

இன்றைய தாளில்
ஆண்கள் நூற்றுப் பன்னிரண்டு,
பெண்கள் நூற்று மூன்று,
குழந்தைகள் பதினொன்று.
ஆளை நிறுத்தி யாரும் நிறுப்பதில்லை.
ஒரு சராசரி வைத்திருக்கிறோம்:
குழந்தை என்றால் முப்பத்தைந்து கிலோ.

தெஷ்னி இருபத்திரண்டு.
போன செவ்வாய் தடுப்பூசிக்குப் போனபோது
நர்ஸ் நிறுத்துச் சொன்னார்,
செருப்போடு.

மீதிப் பதின்மூன்று கிலோ
தாளில் மட்டும் இருக்கிறது.
அதற்கும் சேர்த்துத்தான் எரிபொருள் ஊற்றியிருக்கிறார்கள்.
அதைத் தூக்கிக்கொண்டுதான் விமானம்
ஊரே இல்லாத அந்தத் தண்ணீரைத் தாண்டும்.

வனேஷ்ரிக்கு அங்கே ஆஸ்பத்திரியில் நல்ல வேலை.
நீதிமன்றம் என் சம்மதம் கேட்டது. கொடுத்தேன்.
அந்தப் பேனாவேதான் இது.

தாளின் அடியில் ஒரு கட்டம்:
கடைசி நிமிட மாற்றம்.
இரண்டு பேர் வராமல் போனால்,
ஒரு பெட்டி கூடினால், அங்கே எழுத வேண்டும்.
எட்டு நாற்பதுக்கு
கேப்டன் தாளைக் கையில் வாங்கி
ஏதாவது உண்டா என்று கேட்டார்.
வெளியே கிழக்கே மின்னிக்கொண்டிருந்தது.
இல்லை, என்று எழுதினேன்.

அதற்குப் பிறகு வேலை இல்லை.
ஆனாலும் கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்திருந்தேன்,
பின்சீட்டில் அவளுடைய சின்ன இருக்கை,
பட்டை பூட்டியபடி.
ஆலங்கட்டி விழுந்தது; கூரையில் அந்தச் சத்தம்.
நாளை காலை இங்கே ஆறரை ஆகும்போது
அங்கே பன்னிரண்டரை.
ஆறு மணி நேரம் முந்திக்கொள்வாள்.

ஜூலை விடுமுறைக்கு வருகிறாள்,
ஆர்டரில் அப்படித்தான் இருக்கிறது.
பெர்த்தில் என்னைப்போல் எவனோ ஒருவன்
இவளைப் பார்க்காமலே
முப்பத்தைந்து என்று எழுதுவான்.
எதிர்காற்றுக்காகக் கொஞ்சம் தாராளமாகவே
எரிபொருள் கேட்பான்.
அதற்குள் இருபத்து நாலு ஆகியிருப்பாள்.
செருப்பில்லாமல்.