முக்கால் சுற்று

"சத்தமே இல்ல மச்சான்,
அதுதான் பயமாக் கிடக்கு" என்றான் ஹில்மி.

திமிங்கிலம் பார்க்க வந்த வெள்ளைக்காரர்
டிக் டிக் என்கிறது என்று முகம் சுளித்ததால்
திருக்கடலூரில் யாரோ ஒருவர்
பன்னிரண்டு நட்டையும் இறுக்கி
காசும் வாங்கிக் கையும் குலுக்கி அனுப்பியிருக்கிறார்.
இப்போது படகு பூனைபோலப் போகிறது.
புறாத்தீவைக் கடக்கவே முக்குகிறது.

உள்துறைமுக வீதியில் என் கொட்டில்.
ஓடும் எஞ்சினின் மூடியில்
நீள ஸ்குரூ டிரைவரின் நுனியை வைத்து
பிடியை வலது காதெலும்பில் அழுத்தினேன்.
(இடது காது ஜெனரேட்டர்களோடு போய்விட்டது,
அதைக் கணக்கில் எடுப்பதில்லை.)
உலோகம் பேச வேண்டிய இடத்தில்
ஒரு மூச்சடைப்பு.
மூன்றாவது சிலிண்டர்
காபரேட்டர் வழியே பொச்சென்று
திரும்பித் துப்பியது.

லிஃப்டர் ஒரு சின்னக் குண்டான்.
உள்ளே கொஞ்சம் ஒயில், ஒரு ஸ்பிரிங்.
இடைவெளியைத் தானே நிரப்பிக்கொள்ளும்,
நிரப்ப ஏதாவது விட்டுவைத்தால்.
ஒன்றும் விடாமல் அமுக்கினால்
பிளஞ்சர் அடியில் போய்க் குந்திவிடும்,
வால்வ் வாயை மூட முடியாமல் நிற்கும்.
அந்த அமைதிக்குத்தான்
ஹில்மி எண்ணாயிரம் கொடுத்திருந்தான்.

புஷ் ரொட் பன்னிரண்டையும் கழற்றி
கண்ணாடித் துண்டில் உருட்டினேன். வளைவில்லை.
பிஸ்கட் பெட்டி மட்டையில் துளை போட்டு
வரிசையாய்க் குத்தி
நீலப் பேனையால் இலக்கமிட்டுவிட்டு
தேத்தண்ணி குடிக்கப் போனோம்.

திரும்பி வர, வாசலில் மான்.
கோட்டைக்கும் பஸ் நிலையத்துக்கும் இடையில்
சோற்றுப் பார்சல் தேடித் திரியும் கூட்டத்தில் ஒன்று.
மட்டையில் பாதி இல்லை.
ஏழு, எட்டு, ஒன்பதை அசைபோட்டபடி
எங்களைப் பார்த்தது.
ரொட்கள் நிலத்தில் கிடந்தன.

ஹில்மி சிரித்தான். நான் சிரிக்கவில்லை.
பிறகு சிரித்தேன்.

ஒவ்வொரு நுனியையும் துடைத்து வெயிலில் பிடித்தேன்.
ஒன்றில் தேய்வு பிறைபோல,
ஒன்றில் முழு வட்டம்,
ஒன்றில் ரொக்கர் கடித்த நீல வடு.
எந்தக் குழிக்கு எந்த நுனி என்று
அதுகளே பழகி வைத்திருந்தன.
நாலு மணி மட்டும் பொருத்திப் பார்த்தும்
இரண்டில் எனக்குச் சந்தேகம்தான்.
அவனிடம் சொன்னேன்.
"மானுக்குத் தெரியும்" என்றான்.

முதலாம் சிலிண்டரை உச்சத்துக்குக் கொண்டுவந்து
நட்டைத் தளர்த்தி
ரொட்டைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே
சுருட்டு உருட்டுவதுபோல் உருட்டினேன்.
ஆடுகிறது.
நட்டைக் கொஞ்சம். ஆடுகிறது.
இன்னும் ஒரு மயிரிழை.
ஆட்டம் நின்றது, உருளல் நிற்கவில்லை,
விரலில் தேன் பட்டதுபோல் ஒரு பிடிப்பு.
அதுதான் பூச்சியம்.
அங்கிருந்து முக்கால் சுற்று.
அவசரத்தில் அதற்கு மேலும் சுற்றிக்கொண்டே போனால்
மறுபடியும் திருக்கடலூர்.

பன்னிரண்டு தரம் இது.
கச்சான் காற்று கொட்டில் தகரத்தைத் தட்டத் தட்ட
அது தகரமா ரொக்கரா என்று
இரண்டு தரம் நின்று கேட்டேன்.

ஸ்டார்ட் பண்ணியதும்
பாத்திரக்கடை சரிந்ததுபோல் சத்தம்.
"யா அல்லாஹ்!"
ஒயில் ஏறட்டும், கையைக் காட்டினேன்.
ஒவ்வொன்றாய் அடங்கியது.
எட்டாவது மட்டும் விடவில்லை. டிக். டிக்.
"ரெண்டு நாளில் நிற்கும்" என்றேன்.
"நிற்காட்டி?"
"நிற்காட்டி வா. இறுக்கக் குடுக்காதே."

மூன்றாம் நாள் கடலில் இருந்து எடுத்தான்,
"கேள் மச்சான்" என்று
போனை எஞ்சினுக்குக் கிட்டப் பிடித்தான்.
வலது காதில் வைத்தேன்.
காற்று. தண்ணீர் பிளக்கும் சத்தம்.
பிறகு எஞ்சினை நிறுத்திவிட்டார்கள்.
யாரோ அங்கே, அங்கே என்று கத்த
ஒரு பெரிய மூச்சு,
ஈரமாய், நீளமாய்,
எந்த வால்வும் தடுக்காத மூச்சு.

இணைப்பு அறுந்தது.
எட்டாவதைக் கேட்கவில்லை.