ஏழு கிராம்

தண்டையார்பேட்டையில் என் கடைக்கு
வண்டி இல்லாமல் வந்த ஒரே வாடிக்கை
ஜெசிந்தா.
ரயில்வே பாஸ் கழுத்தில், டென்னிஸ் மட்டை தோளில்.
"ரிம்முல ஒட்டுவீங்களே, அந்த ஈயம்
அஞ்சு கிராம் கிடைக்குமா?"

"இன்னாத்துக்கு?"

"நடுவுல பட்டா நல்லாப் போவுது.
ஓரத்துல பட்டா
கைக்குள்ளயே திரும்பிக்குது."

இந்தப் புகாரை நான் தினமும் கேட்கிறேன்.
எண்பதைத் தாண்டினா ஸ்டீரிங் உதறுது அண்ணே,
கீழே ஒண்ணும் தெரியல.
எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர்களுக்கு நடுவே
எவன் எண்பதில் போகிறான் என்று
நான் கேட்டதில்லை.
ஈயத்தை ஒட்டி அனுப்பிவிடுவேன்.

டென்னிஸ் எனக்குத் தெரியாது.
எங்கள் பக்கம் கேரம்.
பதினைந்து கிராம் என்று வாங்கிய ஸ்ட்ரைக்கர்
பதினாலரைதான் என்று
சட்டையைப் பிடித்துக்கொண்டவர்கள் உண்டு.
அதனால் கிராம் தெரியும்.

வைஸில் ஸ்க்ரூடிரைவரைப் படுக்கவைத்து இறுக்கி
அதன்மேல் மட்டையைக் கிடத்தினோம்.
தலை சாய்ந்தது, பிடி சாய்ந்தது,
பிறகு இரண்டும் ஒத்துக்கொண்டு நின்றன.
அடியிலிருந்து முப்பத்திரண்டரை சென்டிமீட்டர்.
டயர் சாக்பீஸால் கோடு போட்டேன்.
"அழியுமா?" என்றாள்.
"அழிஞ்சா அளந்துக்கலாம்."

ஈயத்தை அடித்தால் சத்தம் வராது.
இரும்பு திருப்பிக் கத்தும்.
இது வாங்கிக்கொண்டு அகலமாகும்.
காகிதம் போலத் தட்டி
கத்தரிக்கோலால் நாடாவாக வெட்டினேன்.

பக்கத்து அடகுக் கடைத் தராசு.
இந்தத் தெருவின் சங்கிலிகள் பாதி
அதில் ஏறி இறங்கியிருக்கின்றன.
மாங்கிலால் கண்ணாடியை உயர்த்திப் பார்த்தார்.
"இதுக்கு ரசீது போடணுமா?"
இரண்டு கிராம். இன்னொரு இரண்டு.
ஒரு மூன்று.

"மூணு மணியில ரெண்டு, ஒம்போது மணியில ரெண்டு," என்றாள்.
சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன்.
மணி பதினொன்றேகால்.
சிரித்துவிட்டு வலைக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம்
விரலால் காட்டினாள்.
மிச்சம் மூன்றைப் பிடியின் மூடி கழற்றி
பஞ்சோடு உள்ளே திணித்தோம்.
மறுபடி ஸ்க்ரூடிரைவர்.
மட்டை கனத்திருந்தது.
கோடு நகரவில்லை.

அங்கேயே, ஜாக்கிக்கும் டயர் அடுக்குக்கும் நடுவே
ஒரு வீசு வீசினாள்.
காற்றில் ஓர் உறுமல்.
"இன்னும் கொஞ்சம் வைங்க."

வைத்தேன். தப்பு என்னுடையதும்தான்.
தலை உச்சியில், பன்னிரண்டு மணியில், ஆறு.

நாலாம் நாள் வந்தாள்.
கடை முழுக்கத் தைல வாசனை,
மணிக்கட்டில் கிரேப் பேண்டேஜ்.
"பந்து போனதுக்கு அப்புறம்
மட்டை வந்து சேருது."

உரித்தேன்.
பசை மட்டும் கருப்பாக நின்றது.
பெட்ரோல் துணியால் துடைக்கத் துடைக்க
வண்ணம் போகிறதே தவிர அது போகவில்லை.
விடுங்க என்றாள்.
சோப்புப் போட்டு இரண்டு தடவை கை கழுவினோம்,
அவள் ஒரு தடவை கூடுதலாக.
வீட்டில் கைக்குழந்தை.

ஞாயிற்றுக்கிழமை பெரம்பூர்.
கம்பி வேலிக்கு வெளியே
ஹெல்மெட்டைக் கழற்றாமல் நின்றேன்.
பந்தைப் பார்க்கத் தெரியவில்லை,
அவள் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
எண்ணிக்கை என்னமோ சொன்னார்கள்,
முப்பது நாற்பது என்று.
முப்பதுக்கு அப்புறம் ஏன் நாற்பது,
பக்கத்தில் நின்றவருக்கும் தெரியவில்லை.

தோற்றாள்.

ஆனால் நடுவில் ஒரு பந்து
சட்டத்தை ஒட்டி, ஓரத்தில்தான், அசிங்கமாகப் பட்டது.
மட்டை திரும்பவில்லை.
பந்து குட்டையாக எழும்பி
வலைக்கு அந்தப் பக்கம் செத்து விழுந்தது.
எதிராளி ஓடிவந்து, நின்று,
தன் மட்டையைப் பார்த்தாள்.

ஜெசிந்தா கட்டைவிரலால்
ஒன்பது மணியை அழுத்திவிட்டுக்கொண்டாள்.
அங்கே நாடாவின் முனை
நகம் அளவுக்குத் தூக்கியிருந்தது,
வேலியிலிருந்தே தெரிந்தது.

அந்தப் பசை வியர்வைக்குத் தாங்காது.
நாளைக்குக் கடைக்கு வரச் சொல்லணும்.