அயனாவரத்து மலை

வரைபடத்தில் கிடையாது.
மெட்ரோவுக்குத் தோண்டிய மண்
மூன்று மாடி உயரத்துக்குக் கிடக்கிறது
தகரத் தடுப்புக்குப் பின்னால்.
பில்லில் இதன் பெயர் கழிவு மண்.
நாங்கள் மலை என்கிறோம்.

மார்கழி. மணி இரண்டேகால்.
கிரேன் பழுது; மெக்கானிக் வரும்வரை வேலை இல்லை.
பாதியாய் வெட்டிய தார் டிரம்மில்
சென்ட்ரிங் பலகைத் துண்டுகள் எரிகின்றன.
ஆணிகள் சிவந்து
ஒவ்வொன்றாய் உதிர்கின்றன.

லாரி முனிரத்தினம் ஆரம்பித்தார்:
"பல்லாவரம் பக்கம் ஒருத்தன் மலை வாங்குனான்.
உடைச்சான், வித்தான், உடைச்சான், வித்தான்.
கடைசிக் கல்லையும் வித்துட்டு,
வாங்கிப்போட்ட மனையெல்லாம் ஒருசேரப் பாக்கணும்னு
உசரமா ஒரு இடம் தேடுனான்.
இன்னும் தேடுறான்."

வாட்ச்மேன் சகாயம் சிரித்ததில்
வாயிலிருந்த விசில் தானாக ஊதியது.
தெருவில் போன ஆட்டோ ஒன்று
பிரேக் போட்டு நின்று,
யோசித்து, போனது.

தபன் மட்டும் சிரிக்கவில்லை.
கட்டாக்குக்கு அப்பால் ஏதோ ஊர்.
தமிழுக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகிறது.

அவன் முறை வந்தபோது
பாதியைக் கைகளால் சொன்னான்:
"நாலு அண்ணன் தம்பி. போர்வை ஒண்ணு.
ஓரத்துல படுக்குறவனுக்குக் குளிர். தினம் சண்டை.
பெரியவர் வந்தார். சொன்னார்:
வட்டமா படு, வட்டத்துக்கு ஓரம் இல்ல.
வட்டமா படுத்தாங்க.
போர்வை நடுவுல.
போர்வை நல்லா தூங்குச்சு."

சுக்குக் காபி கேனை சைக்கிளிலிருந்து இறக்கிய ஜெபராணி
"அந்தப் பெரியவர்தான்டா எங்க தெருவுக்கு
தண்ணி லாரி அனுப்புறவரு" என்றாள்.
அதற்குத்தான் எல்லோரும் அதிகம் சிரித்தோம்.

என்னிடமும் ஒரு கதை இருந்தது.
லோடு எழுதி எழுதி
அதன் நடுப்பகுதி மறந்துவிட்டது.
டம்ளரைப் பிடித்தபடி பார்த்தேன்:
நாங்களும் வட்டமாகத்தான் உட்கார்ந்திருக்கிறோம்.
நெருப்பு நடுவில்.
முகம் சுடுகிறது,
பின்னால் ஈரக்காற்று சட்டைக்குள் புகுகிறது.
வட்டத்துக்கும் ஓரம் உண்டு, தபன்.
அது முதுகு.
சொல்லவில்லை. அவன் கதை அவனுக்கு.

மூன்றே முக்காலுக்கு மெக்கானிக் வந்தார்.
தண்ணீர் ஊற்றியதும் டிரம் சீறியது.
முனிரத்தினம் லாரியைப் பின்னால் எடுக்க,
ஜேசிபி மலையின் அடியில்
முதல் வாயை வைத்தது.

அப்போதுதான் மண்மேட்டின் உச்சியிலிருந்து
ஒரு சிரிப்பு.
29சி பஸ்போல
நேரம் கழித்து, நிறைய ஏற்றிக்கொண்டு.
"அண்ணா! உசரமா இடம்!
தேடுறான்! இன்னும் தேடுறான்!"
விளக்கு வெளிச்சத்தில் தபன்
தொடையைத் தட்டிக்கொண்டு நிற்கிறான்.

"எறங்குடா, அள்ளப் போறாங்க" என்று கத்திவிட்டு
நோட்டில் எழுதினேன்:
லோடு ஒன்று, பதினாறு டன்.