மூவாயிரத்தில் ஒன்று

முப்பது உறைகள். உறைக்கு நூறு விதை.
பதினேழாம் உறை மட்டும்
முப்பத்து நான்காம் சுழற்சியில்
திரையில் மெல்ல எழுந்தது,
படுத்திருந்த கோடு
முழங்கை ஊன்றி எழுவதுபோல.

ஐவே கையுறையைக் கழற்றாமலே நின்றாள்.
மறுபடி ஓட்டினோம்.
மறுபடியும் எழுந்தது.

"எந்த விதை?" என்றார் உர்மாஸ், தொலைபேசியில்.
சொல்ல முடியாது.
அறிய வேண்டுமானால் அரைக்க வேண்டும்,
அரைத்தபின் காட்ட ஒன்றுமில்லை.
நூறும் ஒரே மாவு.
குற்றம் உறுதி, குற்றவாளி தூள்.

அவருடைய சோதனை வயல் பைடேக்குத் தெற்கே.
நான்கு ஹெக்டேர் கனோலா,
மே முதல் வாரத்தில் விதைத்தது.
ஹெக்டேருக்குப் பத்து லட்சம் விதை.
பழைய ரசீதின் பின்புறம் வகுத்துப் பார்த்தேன்:
ஆயிரத்து முந்நூறு செடிகள்,
மற்றவற்றின் அதே உயரம், அதே பச்சை.
களைக்கொல்லி தெளித்தால் மட்டும்
சாகாமல் நின்று
தம்மைக் காட்டிக்கொடுக்கும்.

ஒரு சோறு பதம் என்பதெல்லாம்
முழுப் பானையும் ஒரே அரிசியாய் இருந்தால்தான்.
இதில் யாரோ வேறு மூட்டையைச் சிந்தியிருக்கிறார்கள்.
எங்கே?
தாய்ச்செடி வரிசையை ஒட்டிய பாத்தியிலா,
விதைப்பு எந்திரத்தின் மூலையில்
காற்றடித்தும் போகாத தூசியிலா,
கிட்டங்கியில் கிழிந்த சாக்கிலா,
இல்லை, என் சட்டைக் கையிலா?
கடைசிக் கேள்வியை யாரும் கேட்கவில்லை.
விதையில்லா வெற்று மாதிரியை
நானே மூன்று முறை ஓட்டினேன்.
கோடு எழவில்லை.
நிம்மதி வந்தது. வந்ததற்கு வெட்கமும்.

படிவத்தில் ஒரு கட்டம்: இடர் அளவு.
"மிகக் குறைவு" என்று தட்டினேன்.
யாருக்கு என்று படிவம் கேட்பதில்லை.
தின்பவருக்கு, ஒருவேளை, ஒன்றுமில்லை.
ஓடைக்கு அப்பால் பெட்டி வைத்திருக்கும் லெய்லிக்கு?
அவள் தேனை வாங்கும் ஹாம்பர்க்காரர்
ஒரு மகரந்தம் தென்பட்டாலே
பீப்பாயைத் திருப்பி உருட்டிவிடுவார்.
மண்ணுக்கு?
உதிர்ந்த விதை பத்தாண்டும் உறங்கும்,
உழுகிறவர் மாறிய பிறகு
ஏதோ ஓர் ஏப்ரலில்
கோதுமைக்கு நடுவே தலைநீட்டும்.

அழித்துவிட்டு எழுதினேன்:
"குறைவு, ஆனால் திரும்பப் பெற முடியாதது."
மென்பொருள் ஏற்கவில்லை.
அந்தக் கட்டத்தில்
பன்னிரண்டு எழுத்துக்குத்தான் இடம்.

வெள்ளிக்கிழமை வயலுக்குப் போனோம்.
ஜூன். இரவு பதினொன்றுக்கும் வெளிச்சம் போகவில்லை.
உர்மாஸ் ஒரு மொட்டை நகத்தால் பிளந்து பார்த்து
"நான்கு நாள்" என்றார்.
ஆறு வருட வேலை அவருக்கு,
காய் வெடித்து விதை சிந்தாத ஒரு வகைக்காக.
சிந்தாத வகை. யாரும் சிரிக்கவில்லை.

லெய்லி ஓடையைத் தாண்டி வந்தாள், முகவலை இல்லாமல்.
அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.
நான் சொன்னேன்.
"என் பெட்டிகளை நகர்த்தச் சொல்கிறாயா,
இவர் வயலை நகர்த்தச் சொல்கிறாயா?"
உர்மாஸ் என் பக்கம் திரும்பினார்:
"உன் எந்திரம் தவறியிருந்தால்?"
"தவறியிருக்கலாம். நூற்றுக்கு ஐந்து."
நூற்றுக்கு ஐந்தை அவர்
வாயில் போட்டு மென்றபடி நின்றார்.
பிறகு டிராக்டரில் ஏறினார்.
ஆணை வரவில்லை இன்னும்,
கடிதம் திங்களன்றுதான் என்றேன்.
எந்திரச் சத்தத்தில்
கேட்டதோ, கேட்காததுபோல் இருந்தாரோ.

வரிசை வரிசையாகச் சாய்ந்தது.
அறுத்த தண்டின் பச்சை வாசம்,
முட்டைக்கோஸ் நறுக்கிய சமையலறைபோல.
லெய்லி முடியும் வரை நின்றாள்.
நன்றி என்று சொல்லவில்லை, சொல்லக் கூடாது என்றும்
தெரிந்திருந்தது அவளுக்கு.

வரப்போரம் ஒன்று மட்டும்
முந்திக்கொண்டு பூத்திருந்தது,
நான்கு மஞ்சள் இதழ்.
வேரோடு பிடுங்கி உறையிலிட்டு
எண் எழுதினேன்.

திங்கள் காலை அரைத்தோம்.
ஐவே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.
முப்பது சுழற்சி. முப்பத்து நான்கு. நாற்பது.
கோடு படுத்தே கிடந்தது.