ஏழரைப் படகு இல்லை

திங்கட்கிழமை காலை
நோல்சோய்த் தீவின் படகுத்துறையில்
பன்னிரண்டு ஆடுகளோடு நின்றிருந்தான் ஹோக்னி.
படகு வரவில்லை. காற்று வந்தது.
கம்பளிகளை எதிர்ப்பக்கமாய்ச் சீவிவிட்டுப் போனது.

"சொல்லியிருக்கலாமே" என்றான் ஃபோனில்.
"சொன்னேனே" என்றாள் சுன்வா,
அக்கரையில், தோர்ஷாவ்ன் படகு அலுவலகத்தில்.
"நேற்றிரவே. எல்லோருக்கும். சிவப்பில்."

மறுநாள் நேரில் வந்து
மெயிலைத் திறந்து காட்டினான்.
கோபம் இல்லை; அதுதான் அவளுக்குச் சங்கடம்.
ஸ்பேம் பெட்டிக்குள்
முடி வளர்க்கும் மாத்திரைக்கும்
வாங்காத சீட்டுக்கு விழுந்த லாட்டரிக்கும் நடுவில்
அவள் கடிதம் படுத்திருந்தது,
அந்தக் கூட்டத்தில் ஒன்றாக.

எழுத்துக்கு இரண்டு உயரம் உண்டு அவள் மொழியில்;
உயரமானவற்றை மட்டுமே எடுத்திருந்தாள்.
தலைப்பில் 'அவசரம்', பின்னால் ஆச்சரியக்குறிகள்,
வேலிக்கம்புபோல் ஐந்து.
செய்தி முழுக்க ஒரே படத்துக்குள்:
வாசலில் நிற்கும் இயந்திரக் காவலுக்கு
அது மூடிய கை.
அனுப்புநர் பெயர்: 'பதில் எழுதாதீர்'.
பெயர் சொல்லாமல் கதவைத் தட்டிவிட்டு
பேசவும் கூடாது என்பவரை
யார் உள்ளே விடுவார்கள்?

அன்று மாலை பட்டியலைத் திறந்தாள்.
நானூற்றுப் பன்னிரண்டு முகவரி.
எப்போதோ கட்டணம் மட்டும் விசாரித்த டச்சுத் தம்பதி.
கோபன்ஹேகனுக்குக் குடிபோன பல் மருத்துவர்.
'அப்படி யாரும் இங்கில்லை' என்று
மூன்று வருடமாகத் திருப்பி அனுப்பும் ஒரு மீன் கம்பெனி.
அவளும் சளைக்காமல் அனுப்பியிருக்கிறாள்.
ஆளில்லாத வீட்டைத் தட்டிக்கொண்டே இருந்தால்
தெருவே சந்தேகப்படாதா?

அழித்துக்கொண்டே வந்தவள்
ட்ரோண்டுர் பெயரில் நின்றாள்.
முன்பு இதே படகை ஓட்டியவர்.
இறந்து இரண்டு குளிர்காலம்.
ஆனால் அங்கிருந்து மட்டும்
ஒரு கடிதமும் திரும்பியதில்லை.

மிச்சமிருந்தவர்களுக்கு எழுதினாள்,
சின்ன எழுத்தில், தன் பெயர் போட்டு:
படகு ஓடாத நாளில் மட்டும் எழுதுவேன்.
வேண்டுமென்றால் 'வேண்டும்' என்று ஒரு வரி போடுங்கள்.
வேண்டாமென்றால் சும்மா இருங்கள்,
நானும் சும்மா இருந்துகொள்கிறேன்.
பழையவை ஸ்பேமில் கிடந்தால்
ஒன்றையாவது வெளியே எடுத்து
'இது ஸ்பேம் அல்ல' என்று அழுத்துங்கள்.

இதுவும் அங்கேயே போய் விழுந்தால்?
அதையே காகிதத்தில் அச்சடித்து
படகுக்குள், காப்பி இயந்திரத்தின்மேல் ஒட்டினாள்.

நூற்று முப்பத்தேழு 'வேண்டும்' வந்தன.
ஹோக்னி அனுப்பியதில் ஆட்டின் படம் இருந்தது.
ட்ரோண்டுர் முகவரியிலிருந்தும் ஒன்று:
"அவர் இல்லை. நான் மரியுன். எனக்கு வேண்டும்.
யாரும் வரமுடியாத நாள் எதுவென்று
முன்னாலேயே தெரிவது நல்லது.
அன்றைக்கு வீடு கூட்ட வேண்டாம் பாருங்கள்."

சுன்வா இரண்டு முறை படித்தாள்.
பட்டியலில் பெயரை மட்டும் மாற்றினாள்.

புதன் இரவு புயல் எச்சரிக்கை.
பழகிய விரல் ஆச்சரியக்குறியைத் தொட்டது;
போட்டாள், அழித்தாள்.
'வியாழன் காலை ஏழரைப் படகு இல்லை.
காற்று விட்டால் பகல் ஒரு மணிக்கு. சுன்வா.'
அவ்வளவுதான். படமில்லை, சிவப்பில்லை.

விடிந்ததும் துறைமுகக் கேமராவில் பார்த்தாள்.
ஆடில்லை. ஹோக்னி இல்லை.
காலித் துறை இவ்வளவு அழகா என்று
நினைத்து முடிக்கும் முன்
ஓரத்தில் முதுகுப்பையோடு ஒரு ஆள்.
பறவை பார்க்க வந்த போலந்துக்காரர்;
எழுதித் தந்த முகவரியில்
ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தது.

ஃபோனை எடுக்கப் போனாள்.
அதற்குள் திரையில் ஒரு கதவு திறந்தது.
தலையில் போர்த்திய துணியை ஒரு கையால் பிடித்தபடி
மரியுன் இறங்கி வந்து
காற்றோடு கத்தி ஏதோ சொல்லி
அவரைக் கூட்டிக்கொண்டு போனாள்,
கூட்டாத வீட்டுக்குள்.