இரண்டு விரல்

நலைக்கிலிருந்து எர்போலாத் கொண்டுவரும் வாளியில்
பன்னிரண்டு ஆட்டிதயங்கள்.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
வரும் வழியில் ஒன்றோடொன்று உறைந்து ஒட்டியவற்றை
வெதுவெதுப்பான நீரில் இறக்கிவிட்டுக் காத்திருக்கிறோம்.
இதுவும் பாடம்தான் என்கிறேன்.
யாரும் நம்பவில்லை.

முதல் ஆண்டு உலான்பாத்தர் சந்தையிலேயே வாங்கினேன்.
எந்த இதயத்திலும் பெருந்தமனி இல்லை.
இருந்தாலும் ஒரு விரற்கடை,
அதுவும் நைந்துபோன விளிம்பு.
கடைக்காரன் ஏமாற்றுகிறான் என்று சண்டைக்குப் போனேன்.
அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான்.
"டாக்டரம்மா, நீங்கள் மங்கோலியர்தானே?"

நான் அடுக்குமாடியின் ஏழாம் தளத்தில் பிறந்தவள்.
இறைச்சி எனக்குப் பொட்டலத்தில் வரும்.

வகுப்பில் நார்மந்தாக்தான் விளக்கினாள்,
கோவி-அல்தாய்க்காரி, எப்போதும் கடைசி மேசை:
மார்பெலும்புக்குக் கீழே ஒரு கீறல்,
கை நுழையும் அளவு போதும்.
உதரவிதானத்தைத் தாண்டி, துடிப்பதற்குப் பின்னால்,
முதுகெலும்பை ஒட்டி ஒரு குழாய் விம்மிக்கொண்டிருக்கும்.
இரண்டு விரல். கொக்கிபோல் வளைத்து
ஒரே இழுப்பு.
ஒரு சொட்டு மண்ணில் சிந்தாது.
"நூறு எண்ணுவதற்குள்" என்றாள். பிறகு திருத்தினாள்:
"அப்பா செய்தால் முப்பது."

வகுப்பே அவள் கையைப் பார்த்தது.
அவள் அதை அங்கிப் பைக்குள் ஒளித்துக்கொண்டாள்.

அன்றிலிருந்துதான் கசாக்கியரான எர்போலாத்.
அவர்கள் கழுத்தை அறுப்பவர்கள்.
நெஞ்சு முழுசாக வரும், வளைவோடு, கிளைகளோடு.

இன்று, வெட்டிய பெருந்தமனியை
முனையோடு முனை சேர்ப்பது.
நீல நூல். பிறை ஊசி.
இழுக்காதே, தள்ளாதே,
ஊசி எப்படி வளைந்திருக்கிறதோ
மணிக்கட்டும் அப்படியே போகட்டும்.
பாத்சோரிக்கின் தையல் எறும்பு வரிசை.
நார்மந்தாக்கோ, கண்ணை மூடிக்கொண்டே
எந்தக் குழாயையும் தொட்டுச் சொல்கிறாள்;
கண்ணைத் திறந்து ஊசியைப் பிடித்தால் நடுங்குகிறாள்.
"உள்ளே போகும் வழி தெரியும் டாக்டர்,
திரும்பி வருவதுதான்..."
முடிக்கவில்லை.

சிரிஞ்சில் நீர் ஏற்றி உள்ளே செலுத்துகிறேன்.
பாத்சோரிக்குடையது தாங்கியது.
அவளுடையது ஐந்தாம் ஆறாம் தையலுக்கு நடுவே
பீறிட்டு என் மூக்குக்கண்ணாடியில் அடித்தது.
சிரித்தார்கள். நானும்.
துடைத்துக்கொண்டு கேட்டேன்:
இது ஆள் என்றால், இப்போது?

"இன்னொரு தையல்" என்றான் பாத்சோரிக்.
ஊசி கேட்டு, அது வந்து சேர்ந்து, நுனியைத் தேடி...
அதற்குள்?

வாளியில் நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

(என் முதல் இரவுப்பணி. நாற்பத்திரண்டு வயது
பேருந்து ஓட்டுநர். நானும் ஊசிதான் கேட்டேன்.
இதை நான் எந்த வகுப்பிலும் சொன்னதில்லை.)

நார்மந்தாக் கருவிகளைக் கீழே வைத்தாள்.
குழாயின் பின்புறமாய் விரல்கள் சுற்றின.
அதே இரண்டு, அதே கொக்கி.
இழுக்கவில்லை.
நீர் நின்றது.

"விடாதே" என்றேன்.
"எவ்வளவு நேரம்?"
"நான் தைத்து முடிக்கும்வரை."

முகக்கவசத்துக்குள் அவள் எண்ணுவது கேட்டது.
நான் மெதுவாகவே தைத்தேன்.
தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றொன்பது, நூறு.
அதற்குமேல் என்ன சொல்வதென்று தெரியாததுபோல்
கொஞ்சம் தயங்கி,
நூற்றொன்று என்றாள்.

மாலையில் இதயங்கள் காவலாளியின் நாய்க்கு.
கொடுக்குமுன் நீல நூலை ஒவ்வொரு கண்ணியாகப்
பிரித்தெடுக்க வேண்டும், குடலில் சிக்கும்.
எறும்பு வரிசைதான் பிரிக்கப் பெரும்பாடு.
அதைத் தைத்தவன் பேருந்தைப் பிடிக்க ஓடிவிட்டான்.
அவளும் நானும் குனிந்து உட்கார்ந்திருக்கிறோம்.
ஜன்னலுக்கு வெளியே
நாய் தன் மூச்சின் ஆவிக்குள் நின்று
எங்களையே பார்க்கிறது.