முத்திரை இல்லாத வருடங்கள்

கொண்டல்மடுவுக்கு நான் போன அன்று
ஆறு முழங்கால் அளவு.
பாலம் இன்னும் இரும்புத் தகடு.
லொறி ஏறினால் சந்தை பேச்சை நிறுத்தும்,
இறங்கியதும் விட்ட விலையிலிருந்து தொடங்கும்.

சங்கக்கடை மேசையில்
திணைக்களத்துப் பித்தளைக் கற்களை அடுக்கிவிட்டு
ஒலிபெருக்கியில் சொன்னேன்:
தராசு, படிக்கல், எல்லாம் கொண்டு வரவும்.
முத்திரை இல்லாத நிறுவை குற்றம்.
குற்றம் என்றதும் ஒருவரும் வரவில்லை.
தேத்தண்ணி குடித்து முடிந்த பிறகு வந்தார்கள்.

கருவாட்டுச் செபஸ்தியாம்பிள்ளை
கல்லைத் தரமுன் கதையைத் தந்தார்.
முதற் சந்தை ஆற்றுக்குள்ளேதானாம்.
ஆவணியில் தண்ணீர் வற்ற
கடற்கரை வண்டில்கள் உப்போடு மணலில் இறங்கும்,
காட்டுப்பக்கத்து வண்டில்கள் எள்ளோடும் தேனோடும்.
இக்கரை ஒரு பற்று, அக்கரை இன்னொன்று,
நடு மணலில் எந்த உடையாருக்கும் ஆயமில்லை.
ஐப்பசியில் ஆறு வந்து
தானே சந்தையைக் கலைக்கும்.
வரி கேட்ட வெள்ளைக்காரன்தான்
அதைக் கரையில் ஏற்றிக் கூரை போட்டது.

அவருடைய ஐந்து ராத்தல் கல்லின் அடியில்
ஈயக்குழி. குழிக்குள் நெருக்கமாய்
ஒரு முடி, பிறகு முடி இல்லாத எழுத்துகள்.
பக்கத்தில் கிலோக் கல்:
எழுபத்தெட்டு, எண்பது, எண்பத்தி மூன்று.
அதன் பிறகு வழுவழுப்பு.

மற்றக் கற்களில் குழி மட்டும்.
"ஈயம் எங்கே?"
"எடுத்திட்டினம்."
"யார்?"
அவர் ஒரு நெத்தலியைக் கிள்ளி
வாசம் பார்த்தார்.

மீராமொஹிதீன் விட்டுப்போன யார்க்கோலையும்
யாரோ கொண்டு வந்தார்கள்.
தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசி,
கொண்டு போக விட்ட சாமான்களில்
அது சேரவில்லையாம்.
மூன்று கடை கைமாறி இன்னும் துணி அளக்கிறது,
அரை விரல் தேய்ந்து.

கடைசியில் தவமலர், வெங்காயக்கடை.
பழஞ்சாரத்தில் சுற்றிய ஒரு ஆற்றுக்கல்லை
மேசையில் வைத்தாள். தாரால் ஒன்று எழுதியிருந்தது.
தடைக்காலத்தில் இரும்பு வராது;
நிவாரண மாப் பையொன்றை ஒரு தட்டில் வைத்து
பகல் முழுக்க ஆற்றுக்குள் தேடி எடுத்தது.
கடைசி இடப்பெயர்வில்
கிணற்றுக்குள் போட்டுவிட்டுப் போனாள்.
"திரும்பி வந்து இறைச்சம். கல்லும் கிடந்தது."
அந்த 'உம்'மை நான் கேட்கவில்லை.

நிறுத்தேன். ஆயிரத்துப் பதினெட்டுக் கிராம்.
"பதினெட்டுக் கூட. இருபது வருசமா
ஒவ்வொரு கிலோவிலும் நட்டப்பட்டிருக்கிறீங்கள்."
"அப்ப மாப் பையில கூடப் போட்டிருக்கிறாங்கள்!"
வரிசை முழுக்கச் சிரித்தது.
நிவாரணம் கூட வந்த கதையை
அவர்கள் அன்றுதான் கேள்விப்பட்டார்கள்.

படிவத்தில் இரும்பு, பித்தளை, வேறு.
வேறு என்பதில் புள்ளடி போட்டு
கல்லைப் பறிமுதல் செய்தேன்.
பற்றுச்சீட்டுக் கொடுத்தேன்.
அடுத்த முறை போனபோது அவளிடம்
தவணைக்கு எடுத்த பற்றரித் தராசு.
கல்லைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை,
பற்றுச்சீட்டு மட்டும் காசுப்பெட்டி மூடியில்
ஒட்டியிருந்தது.

கல் என் மேசையில், கடதாசிகளுக்கு மேல்.
வேலையில்லாத நேரம் நிறுத்துப் பார்ப்பேன்.
மாரியில் பத்தொன்பது காட்டுகிறது.